ஏற்றத்தில் இழுக்காத கார்: ஜூன் நாட்குறிப்பு

ஜூன் 7, 2025, சனி

இன்றும் அதே கதைதான். மதுரை மாட்டுத்தாவணி வரை வெண்ணெய் மாதிரி வந்த கார், ஒத்தக்கடை தாண்டி யானைமலை ஓரமாகப் போகும்போது ஒரு லாரியை முந்தலாம் என்று மிதித்தால் இழுக்கவே இல்லை. இஞ்சின் இரண்டு முறை குலுங்கியது, செக் லைட் எரிந்தது. போன மாதம் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது கோரிப்பாளையம் சிக்னலில் நின்றேபோனது, பின்னால் ஒரே ஹாரன். அம்மா பயந்துவிட்டார். 2005 மாடல், 1.6 லிட்டர் பெட்ரோல், அப்பா வாங்கியது, 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. விற்க மனசு வரவில்லை.

காரின் கோளாறு கோடைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் பி0102. இஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் சர்க்யூட்டில் சிக்னல் குறைவு என்று அர்த்தம். இதே கோடுக்காக மார்ச்சில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 6,800 ரூபாய் வாங்கிக்கொண்டு சென்சாரை மாற்றினார்கள். மூன்றே வாரத்தில் லைட் திரும்ப வந்துவிட்டது. கோடு சர்க்யூட் என்றுதான் சொல்கிறது, சென்சார் கெட்டுப்போச்சு என்று சொல்லவில்லை. இந்தத் தடவை ஒயரில் இருந்து ஆரம்பிக்கப் போகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

காலையிலேயே பானெட்டைத் திறந்துவிட்டேன். ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடுத்த குழாயில்தான் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே தலைமுடியை விட மெல்லிய பிளாட்டினக் கம்பி தெரிகிறது. அதைக் கரண்ட் கொடுத்துச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே போகும் காற்று கம்பியைக் குளிரவைக்கும், பழைய சூட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு கரண்ட் கூடுதலாகத் தேவைப்படுகிறதோ அதுதான் காற்றின் அளவு. ஒரு கிராம் பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். சென்சார் காற்றைக் குறைத்துச் சொன்னால் ஈசியூ, அதாவது இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர், பெட்ரோலையும் குறைத்துவிடும், வண்டி திணறும்.

கம்பியில் தூசி இல்லை. அழுக்காக இருந்தாலும் விரலோ துணியோ அங்கே போகக் கூடாது, அதற்கென்று விற்கும் ஸ்ப்ரே மட்டும்தான். சென்சாரில் ஒயர்கள் வந்து சேரும் கப்ளரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். ஈசியூ ஏதோ ஒரு கணக்கை வைத்து ஓட்டுகிறது, பிக்கப் மந்தம்தான், ஆனால் குலுங்கல் நின்றுவிட்டது. அப்படியானால் பெட்ரோல் பம்ப், பிளக் பக்கமெல்லாம் போக வேண்டாம். சென்சாரின் பேச்சைக் கேட்கும்போதுதான் தகராறு.

ஜூன் 11, புதன்

வேலை முடிந்து வந்து மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். கப்ளர் கழற்றி, இக்னிஷன் ஆன். சப்ளை பின்னில் 12.4 வோல்ட். எர்த் சரி. சிக்னல் ஒயர் ஈசியூ வரை தொடர்ச்சியாக இருக்கிறது, எங்கும் பாடியைத் தொடவில்லை. எல்லாமே சரி என்றால் எது தப்பு? ராத்திரி பத்து மணி வரை கொசுக்கடியில் அதே மூன்று ஒயரைத் திரும்பத் திரும்ப அளந்தேன்.

ஜூன் 14, சனி

ஒத்தக்கடையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் ஷெட் வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். நான் எழுதி வைத்திருந்த வோல்டேஜ் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்துவிட்டு, "மீட்டர் கெடக்கட்டும் தம்பி, ஒரு பல்ப மாட்டிப் பாத்தீங்களா?" என்றார். ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து, சப்ளை பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தார். பல்ப் பீடிக் கங்கு மாதிரி மங்கலாகச் சிவந்தது. அதே பல்பைப் பேட்டரியில் வைத்தால் கண் கூசுகிறது.

அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. மீட்டர் கரண்டே இழுக்காது, அதனால் நூலிழையாக ஒட்டிக்கொண்டிருக்கும் செம்பு வழியாகவும் 12 வோல்ட் காட்டிவிடும். கம்பியைச் சூடாக்கவோ கரண்ட் ஓடியாக வேண்டும். காற்று கூடக் கூட இன்னும் கூடுதலாக ஓட வேண்டும். அதனால்தான் ஐடிலில் (மிதிக்காமல் சும்மா ஓடும்போது) சமாளித்துவிட்டு ஏற்றத்திலும் ஓவர்டேக்கிலும் படுத்துவிடுகிறது. இரண்டு மாதமாக என்னைக் குழப்பியதற்கு இவ்வளவுதான் காரணம்.

கிளம்பும்போது, "சிக்னல் ஒயர்ல மட்டும் பல்ப வச்சிராதீங்க, ஈசியூ போயிரும்" என்று எச்சரித்தார். காசு வாங்கவில்லை. டீ மட்டும் நான் கொடுத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று கப்ளரை மாட்டியபடியே அளந்தேன். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், மறுமுனை கப்ளரின் பின்பக்கமாகச் செருகிய குண்டூசியில். நடுவில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று இது நேராகக் காட்டும். ஐடிலில் 1.4. தம்பியை மிதிக்கச் சொன்னால் 3.7 வரை ஏறுகிறது! அரை வோல்ட்டே அதிகம். ஃபியூஸ் பாக்ஸில் இருந்து ஒயர் வெளியே வரும் இடத்தில் வைத்தால் 0.15தான். ஆக, ஃபியூஸுக்கும் சென்சாருக்கும் நடுவில்.

பேட்டரியை இறக்கி, தட்டைக் கழற்றினேன். அதன் அடியில் ஒயரிங் வளைந்து போகும் இடத்தில் ஒரு பழைய ஜாயின்ட், எப்போதோ ஹாரனுக்கோ அலாரத்துக்கோ பிரித்து, முறுக்கி, டேப் சுற்றியது. பேட்டரி ஆசிட் அதன்மேல் சொட்டியிருக்கிறது. டேப்பைப் பிரித்ததும் பச்சைப் பொடி கையில் கொட்டியது. இன்சுலேஷன் உப்பியிருந்தது, உள்ளே இருந்த இழைகளில் மூன்றோ நான்கோதான் பிடித்துக்கொண்டிருந்தன. இழுத்ததும் அதுவும் விட்டுவிட்டது.

இரண்டு பக்கமும் பளபளவென்று செம்பு தெரியும் வரை வெட்டினேன், பத்து சென்டிமீட்டர் போனது. அதே கனத்தில் புது ஒயர், சால்டரிங், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். பேட்டரித் தட்டுக்கு அடியில் போகாதபடி பாதையையும் மாற்றிவிட்டேன். இப்போது மிதித்தாலும் தொலைவது அரை வோல்ட்டுக்கும் கீழேதான்.

ஜூன் 19, வியாழன்

நான்கு நாளாக லைட் இல்லை. நேற்று திண்டுக்கல் போய்ச் சிறுமலை ஏறினேன், 18 கொண்டை ஊசி வளைவு, இரண்டாவது கியரில் ஒரு இடத்தில்கூடக் குலுங்கவில்லை.

இன்னொன்று பார்க்க வேண்டியிருந்தது. மார்ச்சில் கழற்றிய ஒரிஜினல் சென்சார் டிக்கியில் ஒரு கேரி பேக்கில் கிடந்தது. இன்று அதை மாட்டினேன். புது சென்சாரில் ஏசி இல்லாமல் ஐடிலில் வினாடிக்கு 2.1 கிராம் காற்று, பெட்ரோல் திருத்தம், அதாவது சென்சார் சொன்ன கணக்குக்கு மேல் ஈசியூ தானாகச் சேர்த்துக்கொள்ளும் பெட்ரோல், கூடுதல் 9 சதவீதம். பழையதில் அதைவிடச் சற்றுக் கூடுதல். சாயங்காலம் அழகர்கோவில் வரை போய்த் திரும்பியதில் திருத்தம் 2 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. இருபது வருஷத்துச் சென்சார் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அதையே வைத்துவிட்டேன்.

நாளை அம்மாவுக்கு மறுபடி கண் ஆஸ்பத்திரி. காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம், கோரிப்பாளையம் வழியாக.