ஏசி வேலைக்கு என்.வி.கியூ எடுத்த கதை

திருகோணமலையில உப்புவெளி நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் மெயின்டனன்ஸ்ல ஏசி பாக்கிற ஆக்களுக்கு வருசம் ரெண்டு துண்டு. மே தொடக்கம் செப்டம்பர் மட்டும் சீசன், கச்சான் காத்து அடிக்க அடிக்க ஏசி ராப்பகலா ஓடும், நாங்களும் அதுக்குப் பின்னால ஓடுவம். மாரி தொடங்கினா ரூமெல்லாம் காலி, சேர்விஸ் சார்ஜ் விழுந்திடும், பேசிக் சம்பளத்தோட நிக்கவேண்டியதுதான். இது ஒவ்வொரு வருசமும் நடக்கிறது, பழகிப் போச்சு. ஆனா 2019 ஈஸ்டர் குண்டு, பிறகு கொரோனா, பிறகு 2022ல பெற்றோல் கியூவும் கரண்ட் கட்டும் எண்டு வரிசையா வந்தாப் பிறகு சீசனை நம்பியே இருக்கேலாது எண்டு விளங்கிட்டுது.

அந்த நேரம் எல்லாரும் சொன்ன ஒரே புத்தி கட்டாருக்குப் போ. நானும் ஏஜென்சிக்குப் போனனான், அங்க இருந்த பிள்ளை கேட்ட முதல் கேள்வி அண்ணா என்.வி.கியூ (அரசாங்கத்தின்ர தொழில் தகைமைச் சேர்ட்டிபிகேட்) இருக்கா. இல்லை. ஓ/எல் முடிச்ச கையோட மாமா ஒராளிட்ட கையாளாப் போய்ப் பழகின வேலை, எந்த ட்ரெயினிங் சென்ரர் வாசலும் மிதிக்கேல்ல. அப்ப ஹெல்ப்பர் சம்பளம்தான் வரும் எண்டு சொல்லிச்சுது. திரும்பி வரேக்க கோவம்தான், ஆனா அந்தப் பிள்ளை சொன்னதில பிழை இல்ல.

கோர்ஸ் படிக்காமலே செய்யிற வேலையைக் காட்டி என்.வி.கியூ எடுக்கலாம் எண்டு கனபேருக்குத் தெரியாது. ஆர்.பி.எல் (முந்திப் பழகின வேலையை ஏற்றுக்கொள்ளுறது) எண்டு சொல்லுறது, நைட்டா எண்ட அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனம் மாதிரி இடங்களில விண்ணப்பிக்கலாம். என்.வி.கியூவில மொத்தம் 7 மட்டம் இருக்கு, எங்களை மாதிரி தனிய நிண்டு வேலை செய்யக்கூடிய ஆக்களுக்கு 4, அதுக்கு மேல 5ம் 6ம் டிப்ளோமாக்கள், 7ம் மட்டம் பட்டப்படிப்பு. போம் நிரப்பிறது ஒண்டும் பெரிய விசயம் இல்ல, ஐடென்டிட்டி கார்ட் கொப்பி, வேலை செய்த இடங்களில கடிதம், வேலை செய்யிற போட்டோக்கள். கடிதம் எடுக்கிறதுதான் கரைச்சல், நான் முதல் வேலை செய்த கெஸ்ட் ஹவுஸ் இப்ப மூடியாச்சு, முதலாளி கனடாவில, வட்ஸ்அப்பில கெஞ்சித்தான் எடுத்தது.

இதில எனக்கு உண்மையா உதவினது போர்ட்ஃபோலியோ எண்டு கேட்ட அந்தக் கட்டுத்தான். என்னென்ன வேலை செய்யிறனீங்கள் எண்டு வேலை வேலையா எழுதவேணும். வைஃப் சொன்னா, நீங்க சொல்லுங்கோ நான் எழுதிறன் எண்டு, அப்பிடியே பின்னேரங்களில இருந்து ஒவ்வொண்டாச் சொல்லச் சொல்ல அவ கொப்பில எழுதினா. எழுதி முடிய வாசிச்சுப் பாத்தா கொப்பில பாதி பழைய ஆர் 22 யூனிட்டுக்குக் காஸ் அடிச்சது, கொயில் கழுவினது, கப்பாசிட்டர் மாத்தினது. ஆர் 22 ஓசோனைக் கெடுக்கிற காஸ், மொன்றியல் உடன்படிக்கைப்படி எங்கட மாதிரி நாடுகளும் 2030க்குள்ள அதை அநேகமா நிப்பாட்டவேணும். புதுசா வாறதெல்லாம் ஆர் 32 காஸ், கொம்பிரஸர் வேகத்தைத் தானா கூட்டிக் குறைக்கிற இன்வேர்ட்டர் ஏசி. இன்வேர்ட்டர் போர்ட் பழுதெண்டா நாங்கள் கழட்டி கொழும்புக்கு அனுப்பிறது, வேற ஆரோ செய்து காசு எடுக்கிறது. என்ர கையில இருக்கிற வேலை தேயுது, தேயாத வேலை கொழும்புக்குப் போகுது, அதை அந்தக் கொப்பில பாத்தாப் பிறகுதான் அடுத்தது என்ன படிக்கிறது எண்ட கேள்விக்கே ஒரு வழி தெரிஞ்சுது. மற்றபடி நாங்கள் பிளான் எண்டு சொல்லிறது சொந்தக்காரர் எந்த நாட்டில இருக்கினம் எண்டு பாக்கிறதுதானே.

அசெஸ்மென்ட் அண்டைக்குப் பயந்த அளவுக்கு ஒண்டும் நடக்கேல்ல. செம்புக் குழாய் வெட்டி வாயை விரிச்சு ஃபிளேர் அடிக்கவேணும், குழாயைச் சூடாக்கி ஒட்டுற பிரேஸிங், நைட்ரஜன் போட்டு லீக் பாக்கிறது, உள்ளுக்க இருக்கிற காத்தைப் பம்பால வெளிய எடுக்க வக்யூம் இழுக்கிறது, தராசில வச்சு நிறைபாத்துக் காஸ் அடிக்கிறது. இடையில அசெஸ்மென்ட் செய்ய வந்த சேர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார், காஸையே கொஞ்சம் விட்டுக் காத்தை வெளிய தள்ளலாமே ஏன் வக்யூம் போடுறீர் எண்டு. ஈரம் நிண்டா உள்ளுக்க அசிட் வந்து கொம்பிரஸர் போயிடும் சேர் எண்டன். பூட்டின ரூமுக்க ஆர் 32 லீக் எண்டா என்ன செய்வீர், அதுக்கும் தெரியும், அது கொஞ்சம் பத்தக்கூடிய காஸ், கதவு ஜன்னல் திறக்கவேணும், சுவிட்ச் ஒண்டும் தட்டக்கூடாது. தடுக்குப்பட்டது எழுத்து வேலையிலதான். எத்தனை கிராம் அடிச்சனான், பிரஷர் எவ்வளவு எண்டு ஜொப் காட்டில எழுதிற பழக்கம் எங்கட ஆக்களிட்ட இல்லவே இல்ல. அந்தப் பகுதியைச் சரிப்படுத்திட்டு வாரும் எண்டு சொன்னார், சரிப்படுத்திக்கொண்டு திரும்பிப் போய் முடிச்சனான்.

கையில லெவல் 4 வந்தோடன சம்பளம் ஏறும் எண்டு ஆரும் நினைக்கவேண்டாம், மனேஜர் நல்லது நல்லது எண்டுட்டுப் போயிட்டார். அது வெளியிலதான் உதவிச்சுது, டவுனில ஒபிஸ் ஒண்டின்ர சேர்விஸ் கொந்தராத்துக்குக் கொட்டேஷன் குடுக்கேக்க சேர்ட்டிபிகேட் கொப்பி வைக்கச் சொன்னவை, வச்சன், கிடைச்சுது. ஒபிஸுக்கு மாரி கோடை இல்ல, மாசம் மாசம் காசு. அதோட கடற்கரை யூனிட்டுகளை உப்புக்காத்து அரிச்சுக்கொண்டே இருக்குமெல்லே, அவுட்டோர் கொயில் இங்க தின்னுப்பட்டிடும், அதனால திருமலையில இந்த வேலைக்குப் பஞ்சம் வராது எண்டது என்ர கணிப்பு.

எங்கட மாவட்டத்தில சம்பூரில 120 மெகாவாட் சோலார் மின்நிலையம் வருகுதெண்டு 2025ல மோடி வந்து தொடக்கி வச்சாப் பிறகு பெடியங்கள் எல்லாம் சோலார் சோலார் எண்டு நிக்கிறாங்கள். கட்டேக்க ஆக்கள் தேவைப்படும், கட்டி முடிஞ்சா அவ்வளவு பேர் தேவைப்படாது, அதால நான் அதுக்குப் பின்னால போகேல்ல. மழைக்காலத்தில போர்ட் ரிப்பேர் பழக ஒராளைப் பிடிச்சிருக்கிறன், மீற்றரும் சோல்டரிங் ஸ்டேஷனும் வாங்கியாச்சு. கட்டார் பைலை இன்னும் கிழிச்செறியேல்ல, கொந்தராத்து இன்னும் ரெண்டு கிடைச்சா வைஃப் அதை அலுமாரிக்க வச்சுப் பூட்டிறாவாம்.