மின்கம்பி எட்டாத இடத்துக்கு இரண்டு வளையங்களோடு

எங்கோ வெட்டும் மின்னல், தூரத்து ரேடியோ நிலையத்தின் சிக்னலில் உண்டாக்கும் சிறு மாற்றத்தைப் பதியப் போகிறோம். கையில் காசு குறைவென்றால் ரிசீவரில் மிச்சம் பிடியுங்கள், நேரம் காட்டும் ஜிபிஎஸ்ஸில் பிடிக்காதீர்கள். இடம், கருவி, நேரம் என்று வரிசையாகப் போவோம்.

இடம்தான் பாதி வேலை. பிடிக்கப்போவது 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையிலான விஎல்எஃப், அதாவது மிகத் தாழ்ந்த அதிர்வெண் ரேடியோ அலை. மின்கம்பிகளின் ஹார்மோனிக்குகளும் (மின்சார அதிர்வெண்ணின் மடங்குகள்) சார்ஜர் இரைச்சலும் அங்கேயேதான் வந்து உட்காரும். ஆளரவமே இல்லாத புல்வெளி என்று நம்பிப் போனால் மின்வேலி நொடிக்கொரு தரம் துடித்துப் பதிவையே நாசமாக்கும். வரைபடத்தை மட்டும் பார்த்து இடம் குறிக்கவே கூடாது. வண்டியை அணைத்துவிட்டு, தள்ளிப் போய், பேட்டரியில் பத்து நிமிடம் பதிந்து பாருங்கள். லேப்டாப்பும் பேட்டரியில்தான் ஓட வேண்டும். இன்வெர்ட்டரைத் தொடவே வேண்டாம்.

ஆண்டெனாவுக்கு 1.7 மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டம், அதில் 1.3 மி.மீ. செம்புக் கம்பி 11 சுற்று. வளையத்துக்கு 75 மீட்டர் கம்பி, எடை 900 கிராம், மின்தடை ஏறக்குறைய 1 ஓம். இரண்டு வளையங்கள் வேண்டும்: ஒன்று வடக்கு-தெற்கு, மற்றது கிழக்கு-மேற்கு. காற்றில் சட்டம் ஆடினால் பூமியின் காந்தப்புலமே வளையத்தில் மின்னழுத்தத்தைத் தூண்டும், அதனால் நைலான் கயிறால் நாலாபுறமும் இழுத்துக் கட்டுங்கள். சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் வளையத்தின் அடியிலேயே இருக்கட்டும், கணினி தூரத்தில்.

48 கிலோஹெர்ட்ஸ் சவுண்ட் கார்டு வாங்குவது வீண்செலவு. மாதிரி எடுக்கும் வேகத்தில் பாதி வரைதான் அது பதியும், எனவே அதன் எல்லை 24. அமெரிக்காவின் கட்லர் விஎல்எஃப் நிலையம் ஒலிபரப்புவதும் சரியாக 24.0. 96 எடுங்கள். 16 பிட், இரண்டு சானல், 12 மணிநேரத்துக்கு 17 ஜிபி வரை ஆகும்.

இனி இதற்காகவே போகிற சமாச்சாரம்! எங்கோ ஒரு மின்னல். அதன் அலை காந்தப்புலக் கோட்டோடு மேலேறி, பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையத்து எலக்ட்ரான்களைச் சிதறடிக்கிறது. அவை சுமார் 85 கிலோமீட்டர் உயரத்தில், அயனிமண்டலத்தின் (மின்னேற்றத் துகள்கள் நிறைந்த மேல் வளிமண்டலம்) அடிப்பகுதியான டி அடுக்கில் பொழிய, கீழே நிலையத்தின் சீரான சிக்னல் சட்டென்று தாழ்கிறது, சில சமயம் உயர்கிறது. மின்னலின் ரேடியோ இரைச்சல் பதிந்து ஏறக்குறைய ஒரு நொடி கழித்துத் தொடங்கும். பழைய நிலைக்குத் திரும்ப 10 முதல் 100 நொடி. ஹெல்லிவெல், காட்சுஃப்ராகிஸ், ட்ரிம்பி மூவரும் 1973-இல் வெளியிட்டது இதைத்தான்; ட்ரிம்பி நிகழ்வு என்றே பெயர் நின்றுவிட்டது.

மின்னலுக்குப் பின் 20 மில்லிநொடிக்குள் மாற்றம் தெரிந்தால் அது பொழிவு அல்ல, அயனிமண்டலத்தில் மின்னலின் நேரடி வேலை. இரண்டையும் பிரிக்கும் ஒரே சாட்சி கடிகாரம். மேலும், 24 கிலோஹெர்ட்ஸில் சவுண்ட் கார்டின் கடிகாரக் கிரிஸ்டல் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே ஃபேஸ் (அலைச் சுழற்சியில் நிற்கும் இடம்) நொடிக்கு 8.6 டிகிரி நகரும். நாம் தேடுவதோ சில டிகிரி மாற்றம். காசை ஜிபிஎஸ்ஸில் போடச் சொன்னது இதனால்தான்.

நிலையத்திலிருந்து உங்கள் வளையம் வரை முழுப் பாதையும் இருட்டில் இருக்கும் இரவைத் தேர்ந்தெடுங்கள். பூமத்திய ரேகையை ஒட்டிய பாதைகளில் இந்த வேட்டை தேறாது; நடு அட்சரேகைகளுக்குப் போங்கள். ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனை நிலையம், 19.8 கிலோஹெர்ட்ஸ், தானே எலக்ட்ரான்களை உதிர்க்கிறது என்று டெமீட்டர் செயற்கைக்கோள் காட்டியிருக்கிறது!

நிலையங்கள் பராமரிப்புக்காக அணையும், அந்தச் செங்குத்துச் சரிவை நிகழ்வென்று எண்ண வேண்டாம். விடியலில் சிக்னல் ஆழமாக விழுந்து எழும். அதுவரை வளையத்தைப் பிரிக்காதீர்கள்.