லாபத்தில் ஓடும் கம்பெனி ஏன் ஆளைத் தூக்குகிறது?

எந்த கம்பெனியில் லேஆஃப், அதாவது ஆள்குறைப்பு, செய்தி வந்தாலும் ஐ.டி.யில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் ஒரே கேள்விதான்: "என்னப்பா, கம்பெனி நஷ்டத்துல போகுதா?" அப்பா கேட்பார், மாமா கேட்பார், பொண்ணு கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் சுற்றி வளைத்துக் கேட்பார். நஷ்டமெல்லாம் இல்லை, நல்ல லாபம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். மில் நஷ்டப்பட்டால் மூடுவார்கள், மூடினால் ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள். அவர்கள் பார்த்து வளர்ந்த கணக்கு அது. நம் தொழிலில் அது செல்லாது.

டி.சி.எஸ்.ஸையே எடுத்துக்கொள்வோம். 2025 ஜூலை கடைசியில், மொத்த ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரை, அந்த நிதியாண்டுக்குள் குறைக்கப்போவதாகச் சொன்னார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஏப்ரல்-ஜூன் காலாண்டு முடிவு வந்திருந்தது. நிகர லாபம் 12,760 கோடி ரூபாய். மூன்று மாதத்தில்! அப்புறம் என்ன பிரச்சினை என்றால், வருமானம் டாலர் ஏற்ற இறக்கத்தைக் கழித்துப் பார்த்தால் முந்தைய வருஷத்தைவிட 3 சதவீதம் போலக் குறைந்திருந்தது, இயக்க மார்ஜின் 24.5 சதவீதத்தில் நின்றது. அவர்கள் வைத்திருக்கும் இலக்கு 26 முதல் 28. நூறு ரூபாய்க்கு இருபத்து நாலரை ரூபாய் மிஞ்சும் தொழிலை நம் ஊர்க் கடைக்காரர் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், கடையை உடனே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். பங்குச் சந்தைக்கு அது போதாது.

ஏ.ஐ. வந்ததால்தான் இது என்று டிவியில் கத்தினார்கள். டி.சி.எஸ். தலைமைச் செயல் அதிகாரி கிருத்திவாசன் அப்படிச் சொல்லவில்லை. திறன் பொருந்தாதவர்களையும் பிராஜெக்ட்டில் போட முடியாதவர்களையும்தான் அனுப்புகிறோம் என்றார். அடிபடப் போவது பெரும்பாலும் நடுத்தர, மேல்மட்ட கிரேடுகள் என்றும் வந்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் சர்வீஸ் கம்பெனிகளின் மொத்த வியாபாரமும் இதற்குள்தான் இருக்கிறது.

இந்த கம்பெனிகளில் ஆட்களை அடுக்கி வைத்திருக்கும் விதத்தை பிரமிடு என்பார்கள். அடியில் நிறைய ஃப்ரெஷர்கள், அதாவது படிப்பு முடித்துப் புதிதாகச் சேர்ந்தவர்கள், நடுவில் கொஞ்சம் லீடுகள், மேலே ஒன்றிரண்டு மேனேஜர்கள். வேலையைக் கொடுக்கும் கிளையண்ட் ஒரு ஆளுக்கு மணி நேரத்துக்கு இத்தனை டாலர் என்று தருகிறார், அதுதான் பில்லிங். ஃப்ரெஷருக்கு வருஷத்துக்கு மூன்றரை லட்சம் ரூபாய் சம்பளம், அதுவும் பத்து வருஷத்துக்கு மேலாகப் பெரிதாக நகரவே இல்லை. பதினைந்து வருஷ அனுபவக்காரருக்கு அதைப் போல ஐந்தாறு மடங்கு. ஆனால் அவருக்காகக் கிளையண்ட் ஐந்தாறு மடங்கு பில்லிங் தரப்போவதில்லை. ஆக, அடிப்பகுதி எவ்வளவு அகலமோ அவ்வளவு மார்ஜின். வருஷா வருஷம் வியாபாரம் பத்துப் பதினைந்து சதவீதம் வளர்ந்துகொண்டே இருந்தால் பிரமிடு தானாகவே சரியாக இருக்கும்: மேலே போகிறவர்களுக்குப் புதிய பிராஜெக்ட், கீழே புதிய ஃப்ரெஷர்கள். வளர்ச்சி நின்றுபோனால், இருக்கிறவர்கள் எல்லோருக்கும் வயதும் கிரேடும் மட்டும் ஏறுகிறது, நடுப்பகுதி வீங்கிவிடுகிறது. அந்த நடுப்பகுதியைத்தான் இப்போது வெட்டுகிறார்கள். நம்மிடம் கோடிங்கை விட்டுவிட்டு மேனேஜர் ஆனால்தான் ஹைக் என்று சொல்லிச் சொல்லியே பத்து வருஷம் வளர்த்தது யார் என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது.

நான் லீடாக இருந்த ஒரு கம்பெனியில் மாதக் கடைசியில் ஒரு எக்ஸெல் ஷீட் சுற்றும். பெயர், கிரேடு, ஸ்கில், கடைசியாக பில் ஆன தேதி, அதாவது அவருக்காகக் கிளையண்ட் கடைசியாகப் பணம் தந்த நாள். அந்தத் தேதி முப்பது நாளைத் தாண்டினால் வரிசை மஞ்சள், அறுபதைத் தாண்டினால் சிவப்பு. சிவப்பில் இருப்பவர் எப்படிப்பட்ட வேலைக்காரர் என்பதற்கு ஷீட்டில் இடமே கிடையாது. அவருடைய பிராஜெக்ட்டைக் கிளையண்ட் பாதியில் நிறுத்தியிருப்பான், அவ்வளவுதான் விஷயம். 2025 ஜூனில் டி.சி.எஸ். இதை வெளிப்படையான விதியாகவே ஆக்கியது: வருஷத்தில் 225 நாள் பில் ஆக வேண்டும், பெஞ்சில், அதாவது பிராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பில், 35 நாளுக்கு மேல் இருக்கக்கூடாது. பிராஜெக்ட் பிடித்துக்கொண்டு வருவது சேல்ஸ் ஆட்கள் வேலை, பிராஜெக்ட் கிடைக்காவிட்டால் பொறுப்பு பெஞ்சில் இருப்பவருக்கு.

இவ்வளவு பேரை முதலில் ஏன் எடுத்தார்கள் என்பது அடுத்த கேள்வி. கொரோனா சமயம். உலகமே வீட்டுக்குள் இருந்தது, எல்லோருக்கும் ஆப் வேண்டும், கிளவுட் வேண்டும். அமெரிக்காவில் வட்டி கிட்டத்தட்ட பூஜ்யம், சும்மா கிடக்கும் பணமெல்லாம் டெக்னாலஜி பக்கம் ஓடியது. 2021-22 நிதியாண்டில் டி.சி.எஸ். மட்டும் நிகரமாக ஒரு லட்சத்துக்கு மேல் ஆள் சேர்த்தது. இன்ஃபோசிஸில் 2022 ஜூன் வாக்கில் அட்ரிஷன், அதாவது தாங்களாகவே வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதம், 28 சதவீதத்தைத் தொட்டது. கையில் மூன்று ஆஃபர் வைத்துக்கொண்டு நாலாவது கம்பெனியில் பேரம் பேசிய காலம் அது. பிறகு 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்ற ஆரம்பித்தது, ஒன்றரை வருஷத்துக்குள் 5.25 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. கிளையண்ட்கள் பட்ஜெட்டை இறுக்கினார்கள். 2023-24இல் டி.சி.எஸ். ஊழியர் எண்ணிக்கை 13,000க்கு மேல் குறைந்தது. அப்போது லேஆஃப் என்று யாரும் சொல்லவில்லை. போனவர்கள் இடத்தை நிரப்பாமல் விட்டாலே போதுமே.

அமெரிக்கப் பெரிய கம்பெனிகளிலும் இதே கதைதான், அளவுதான் வேறு. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவில் 2019 கடைசியில் 45,000 பேர், 2022 செப்டம்பரில் 87,000. அந்த நவம்பரில் 11,000 பேரை அனுப்பும்போது அதன் தலைவர் ஸக்கர்பெர்க் கடிதம் எழுதினார்: கொரோனா காலத்து ஆன்லைன் வளர்ச்சி அப்படியே நிற்கும் என்று நினைத்தேன், தப்பாகிவிட்டது, பொறுப்பு என்னுடையது. சரி, பொறுப்பு அவருடையது. வேலை போனது 11,000 பேருக்கு. 2023 மார்ச்சில் இன்னும் 10,000 பேர். இடையில் பிப்ரவரியில், இது சிக்கன வருஷம் என்று அறிவித்து கூடுதலாக 40 பில்லியன் டாலருக்குச் சொந்தப் பங்கையே திரும்ப வாங்கப்போவதாகச் சொன்னதும் பங்கு விலை ஒரே நாளில் 23 சதவீதம் ஏறியது. வருஷத் தொடக்கத்தோடு பார்த்தால் அந்த வருஷம் முடிவதற்குள் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற தலைவர்களுக்கு வேறு பாடம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

நம் பக்கம் அதிகம் பேசப்படாத ஒரு காரணம் வரி. 2017இல் டிரம்ப் அரசு கொண்டுவந்த சட்டம், அமெரிக்க வரிச் சட்டத்தின் 174ஆம் பிரிவை மாற்றி, அதை 2022இல் அமலாகும்படி வைத்திருந்தது. அதுவரை புரோகிராமர் சம்பளத்தை அந்த வருஷமே முழுச் செலவாகக் கழித்துவிடலாம். 2022 முதல் அமெரிக்காவுக்குள் செய்த மென்பொருள் வேலை என்றால் 5 வருஷத்துக்கும், வெளிநாட்டில் செய்தது என்றால் 15 வருஷத்துக்கும் பிரித்துக் கழிக்க வேண்டும். ஒரு சின்ன கம்பெனிக்குப் பத்து லட்சம் டாலர் வருமானம், பத்து லட்சமும் உள்ளூர் புரோகிராமர் சம்பளத்துக்கே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் ஒரு டாலர் இல்லை. ஆனால் முதல் வருஷத்தை அரை வருஷமாகத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்பதால் அப்போது கழிக்க முடிந்தது ஒரு லட்சம்தான், மீதி ஒன்பது லட்சம் லாபமாம், அதற்கு 21 சதவீதம் வரி. ஆளைக் குறைக்காமல் எங்கிருந்து கட்டுவான்? 2025 ஜூலையில் உள்நாட்டு வேலைக்கு இந்த விதியை எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டு வேலைக்கு அந்த 15 வருஷம் அப்படியே இருக்கிறது.

ஏ.ஐ.க்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதம் 6,000 பேரையும் ஜூலையில் 9,000 பேரையும் அனுப்பியபோது, 2025 ஜூனில் முடிந்த நிதியாண்டில் மட்டும் டேட்டா சென்டர்களுக்கு 80 பில்லியன் டாலர் ஒதுக்கியிருந்தது. ஏ.ஐ. உங்கள் வேலையைச் செய்துவிட்டது என்பதைவிட, உங்கள் சம்பளத்துக்கான பணம் சிப் வாங்கப் போய்விட்டது என்று சொல்வதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம், இங்கே யாரையும் "நீக்குவதில்லை". விஷயம் எதுவும் போடாத ஒரு மீட்டிங் இன்வைட் வரும். அறையில் எச்.ஆர். இரண்டு பேர். நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் ரிலீவிங் லெட்டர் சுத்தமாக வரும், இல்லாவிட்டால் டெர்மினேட் என்று போட வேண்டியிருக்கும், அடுத்த கம்பெனி வெரிஃபிகேஷனில் மாட்டுவீர்கள், யோசித்துக்கொள்ளுங்கள். யோசிக்க அரை மணி நேரம். லேப்டாப் அதற்குள்ளேயே லாக் ஆகியிருக்கும். சென்னை ஓ.எம்.ஆரில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் வேலை பார்க்கும் நண்பர்கள் சொன்னதெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை இதேதான், ஏதோ ஒரே ஆள் எழுதிக்கொடுத்த வசனம் மாதிரி. கையெழுத்துப் போட்டுவிட்டால் கணக்கில் அது ஆள்குறைப்பு இல்லை, நீங்களாக விலகியது. ஆள்குறைப்புக்குச் சட்டப்படி தர வேண்டிய நோட்டீஸும், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளமும் கேட்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட அங்கேயே முடிந்துவிடும்.

உங்கள் பதவிப் பெயரில் மேனேஜர் என்று இருப்பதாலேயே நீங்கள் தொழிலாளி இல்லை, இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது என்று சொல்வார்கள். பதவிப் பெயரை வைத்து அல்ல, செய்த வேலையை வைத்துத்தான் நீதிமன்றங்கள் அதைப் பார்க்கும். 2015 ஜனவரியில் டி.சி.எஸ். நீக்கிய ஒரு பெண் ஊழியருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது, கம்பெனி அந்த நீக்க உத்தரவைத் திரும்பப் பெற்றது. ஆகவே அந்த அறைக்குக் கூப்பிட்டால் அன்றைக்கே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சொல்வதை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். சம்பள ரசீது, அப்ரைசல் கடிதம், ஆஃபர் லெட்டர் எல்லாவற்றையும் இப்போதே சொந்தக் கணக்கில் எடுத்து வையுங்கள், லேப்டாப் லாக் ஆன பிறகு ஒன்றும் கிடைக்காது. ஐந்து வருஷம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, உண்டு; ராஜினாமா செய்தாலும் உண்டு, அவர்கள் செய்யும் தயவு இல்லை அது.