டிக்கோயாப் பக்கத்து மழையும் ஒரு கருங்கல் சுவரும்

மேசன் வேலைக்கு வந்து பதினாறு வருடமாகிறது. லயம், வீடு, கடை என்று எத்தனையோ சுவர் பூசியிருக்கிறேன். ஆனால் சுவர் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தந்தது ஹற்றன் பக்கம் தோட்டத்து மேட்டில் நிற்கும் ஒரு பழைய தேவாலயம்.

அதன் மேற்குச் சுவரில் உள்பூச்சு ஆள் உயரத்துக்கு உதிர்ந்திருந்தது. கொந்தராத்துக்காரர் சீமெந்தால் பூசச் சொன்னார். நானும் பழைய சுண்ணாம்புப் பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு, மட்டப்பலகை போட்டு வழவழவென்று முடித்துக் கொடுத்தேன். அடுத்த ஆடி மழைக்கே பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. தட்டினால் பின்னால் வெள்ளையாக உப்பு. ஆராதனைக்கு வந்தவர்கள் அந்தப் பக்கத்து வாங்குகளைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் மாத்தளையிலிருந்து வயதான மேசன் ஒருவரை அழைத்து வந்தார்கள். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு மட்டும் நெனச்சுட்ட தம்பி. வந்த தண்ணி எப்படி வெளிய போகும்?"

அந்தக் காலத்துக் கல் சுவரில் ஈரம் தடுக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. நிலத்திலிருந்தும் மழையிலிருந்தும் ஈரம் ஏறும், வெயில் வந்ததும் சுண்ணாம்பு வழியாக ஆவியாகிப் போய்விடும். நான் அந்த வழியைச் சீமெந்தால் அடைத்துவிட்டேன். உள்ளே சிக்கிய ஈரம் பூச்சுக்குப் பின்னால் உப்பை இறக்கி, பூச்சையே தள்ளிவிட்டது. எல்லாவற்றையும் உடைத்தோம். தை, மாசி வெயிலில் சுவரைக் காயவிட்டோம். நீற்றி வைத்த சுண்ணாம்பில் மணல் குழைத்து, மெல்லிசாக மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் இறுகும்வரை ஈரச்சாக்கு கட்டினோம். அவசரப்பட்டால் வெடிக்கும்.

அதிலிருந்து எந்தத் தேவாலயத்தைக் கண்டாலும் நின்று பார்க்கிறேன். டிக்கோயாவில் 1878இல் கட்டிய வார்லி தேவாலயத்துக்கு இரண்டு தடவை போனேன். இந்த மாதிரிக் கட்டடங்களில் சுவரை ஒட்டி வெளியே நிற்கும் முட்டுச்சுவர்களை முன்பெல்லாம் அழகுக்கு என்று நினைத்திருந்தேன். கூரையின் பாரம் சுவரை வெளியே தள்ளும், அதைத் தாங்கத்தான் அவை நிற்கின்றன. ஜன்னலுக்கு மேல் கூராக முடியும் வளைவும் மேல்பாரத்தைக் கீழ்நோக்கி இறக்கிவிடுகிறது.

ஆனால் என் மனதில் நிற்பது கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயம். காஸ்டர் பாதிரியார் வடிவமைத்தது, 1935இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கண்டி அரசர்களின் மண்டபம் போல 54 செதுக்கிய கல்தூண்கள். நடுக்கூடத்தின் இரு பக்கமும் சுவரே கிடையாது, காற்று நேராகப் புகுந்து போகிறது. இங்கிலாந்துச் சாயலை இங்கே கொண்டுவந்து வைத்ததைவிட இதுதான் மலைநாட்டுக்குப் பொருந்தும் கட்டடம் என்பேன்.

வரும் தையில் ஹற்றன் தேவாலயத்தின் தெற்குச் சுவர் வேலை. சுண்ணாம்பை இப்போதே பீப்பாயில் ஊறப்போட்டாயிற்று.