கண்குழியை எங்கே மூடுவது?

மார்ச் 4
புது ஃபோல்டர் வந்துவிட்டது. ஒரு பக்கக் கரோனல் தையல் (மண்டை எலும்புகள் சேரும் இணைப்புக்குத் தையல் என்று பெயர்; இது நெற்றி எலும்புக்குப் பின்னால் குறுக்கே ஓடுவது) பிறக்கும் முன்பே ஒட்டிப்போன குழந்தைகள். நெற்றி எலும்பையும் கண்ணுக்கு மேலுள்ள எலும்புப் பட்டையையும் அறுத்தெடுத்து, முன்னால் தள்ளிப் பொருத்தியிருக்கிறார்கள். அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த சி.டி. ஸ்கேன்கள், பெயர்களை நீக்கி. எவ்வளவு மாறியது என்று அளப்பது என் வேலை. எல்லா மண்டையையும் முதலில் ஃபிராங்க்ஃபர்ட் தளத்துக்கு நேராக்க வேண்டும், அதாவது கண்குழியின் கீழ்விளிம்பும் காதுத் துவாரத்தின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில். இது கோணினால் அப்புறம் எடுக்கிற அளவெல்லாம் குப்பை.

மார்ச் 7
செஃபாலிக் இண்டெக்ஸ்: தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குவது. சாஜிட்டல் தையல் (உச்சி நடுவே முன்பின்னாக ஓடுவது) ஒட்டி நீண்டுபோன தலைக்கு நல்ல அளவு. இங்கே பிரச்சினையே இடம், வலம் வேறுபாடுதான், அது இந்த எண்ணில் தெரியவே தெரியாது. டேபிளுக்காக எடுத்து வைத்தேன்.

மார்ச் 12
இன்று கண்குழியின் கொள்ளளவு. கூம்பு வடிவம், முன்பக்கம் திறப்பு, அந்தத் திறப்பை நாமே ஒரு கோடு போட்டு மூட வேண்டும். விளிம்பு நெளிந்த சொம்பில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று கேட்பது போலத்தான், எந்த விளிம்பு வரை? இதில் இன்னொரு சிக்கல், அறுவையில் தள்ளி வைப்பதே அந்த மேல்விளிம்பைத்தான். கோட்டை அதில் தொட்டு மூடினால், கண் ஒரு நூல்கூட நகராவிட்டாலும் கொள்ளளவு கூடியதாகக் காட்டும்.
உட்சுவர் வேறு மிக மெல்லிசு. ஸ்லைசர் (ஸ்கேனில் அளவெடுக்கும் மென்பொருள்) அதை எலும்பு என்றே எடுத்துக்கொள்ளாமல் மூக்குப் பக்கம் கசிந்துவிடுகிறது. ஸ்லைஸ் ஸ்லைஸாகக் கையால் அடைக்கிறேன்.

மார்ச் 19
முதல் வருஷத்தில் மூளையே ஏறக்குறைய இரண்டு மடங்காகும், அப்படியிருக்க மண்டைக்குள் கூடிய இடத்தை முழுக்க அறுவையின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. அதே வயது நார்மல் குழந்தைகள் வேண்டும், ஆனால் ஒப்பீட்டுக்காக ஒரு குழந்தைக்குக் கதிர்வீச்சு கொடுக்க முடியாது. கீழே விழுந்து ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்று வந்தவற்றைத்தான் தேடணும். மறுபக்கக் கண்குழியை வைத்து ஒப்பிடலாமே என்றார் சீனியர். அந்தப் பக்கமும் ஈடுகட்ட வளர்ந்து உருமாறியிருக்கிறது சார் என்றேன்.

மார்ச் 26
பழைய எண்களைப் பார்க்காமல் திரும்ப அளந்தேன். கொள்ளளவு ஆடுகிறது, மேல்விளிம்புக்கும் கருவிழி முனைக்கும் உள்ள மில்லிமீட்டர் தூரம் அவ்வளவாக ஆடவில்லை. அதையே முதல் அளவாக வைக்கிறேன், கொள்ளளவு எங்கே மூடினேன் என்ற படத்தோடு இரண்டாவதாகப் போகட்டும். கண் டாக்டர் அக்கா டேபிளைப் பார்த்துவிட்டு, “மாறுகண் எங்கே?” என்றார். எலும்பு சமமான பிறகும் அது பலருக்கு மிச்சமிருக்கும். டேபிளில் அதற்கும் ஒரு நெடுவரிசை சேர்த்தாச்சு.