கேப்டன் நாற்காலியில் புது முகம்

பழைய அறிவியல் புனைகதைப் படம் ஒன்றை ரீபூட் செய்யப்போவதாக, அதாவது புது நடிகர்களோடு முதலிலிருந்து தொடங்கப்போவதாக ஸ்டூடியோ அறிவிக்கிறது. நடிகர்களின் பெயர்கள் வெளியான முதல் இரண்டு நாளில் கமெண்ட்டுகள் வந்து குவிகின்றன. அவற்றைப் படித்து, பிரித்து, அறிக்கையாகக் கொடுப்பது விளம்பரக் குழுவில் ஒரு தனி வேலை. இந்த வேலையில் இருப்பவர்களிடம் மேலிடம் கேட்கும் முதல் கேள்வி: "எதிர்ப்பு எத்தனை சதவீதம்?" பதில் சொல்வது சுலபம். ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் செய்ய முடியாது.

காரணம், எதிர்ப்பு என்று ஒரே பெட்டியில் போடப்படுவதில் குறைந்தது நான்கு சரக்கு இருக்கிறது. பழைய நடிகரை விட்டுக்கொடுக்க மனம் வராதவர் ஒருவர். தான் வளர்ந்த கதையையே அழித்துவிடுவார்களோ என்று பயப்படுபவர் இன்னொருவர். எங்களைப் போன்றவர்களுக்கென்று இருந்த ஒரே வேடமும் போய்விட்டதே என்று கேட்பவர் மூன்றாமவர். யார் நடித்தாலும் ஏசுவதற்கென்றே வந்தவர் நான்காமவர். நால்வருக்கும் ஒரே பதிலை அனுப்பினால், முதல் மூவரும் தங்களை அந்த நான்காமவரோடு சேர்த்து எண்ணிவிட்டதாக நினைத்துக் கொதிப்பார்கள். அவர்கள் நினைப்பதும் சரிதான்.

இதை நன்றாகப் பார்க்கக் கிடைக்கும் படம் 2009-இல் வந்த ஸ்டார் ட்ரெக். 1966-இல் தொலைக்காட்சியில் தொடங்கிய விண்கலக் கதை அது. கேப்டன் கர்க் என்றால் வில்லியம் ஷாட்னர், ஸ்பாக் என்றால் லியனார்ட் நிமாய் என்று நாற்பது ஆண்டுகள் ஊறிப்போன ரசிகர்கள். அந்த நாற்காலியில் கிறிஸ் பைனை உட்காரவைக்கிறார்கள். ஸ்பாக்காக வரும் சக்கரி குயின்டோவோ அப்போது ஹீரோஸ் தொடரில் கொலைகார வில்லனாக வீட்டுக்கு வீடு தெரிந்தவர். எதிர்ப்பு வராமல் இருக்க வாய்ப்பே இல்லை.

ஆனால் அறிவிப்பு எப்படி நடந்தது என்று பாருங்கள். 2007 ஜூலையில் சான் டியேகோ காமிக்-கான் என்ற ரசிகர் விழா மேடையில் குயின்டோவின் பெயரைச் சொன்னபோது, பக்கத்திலேயே நிமாயும் நின்றார். புதியவருக்குப் பழையவரின் சம்மதம் இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதத் தேவைப்படவில்லை. அதோடு, படத்திலும் நிமாய் முதிய ஸ்பாக்காகவே வருகிறார் என்பதும் அன்றே தெரிந்துவிட்டது. முதல் வகை ரசிகருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. அவருடைய மனக்குறை புது நடிகரின் திறமை பற்றியதல்ல. பழையவருக்கு மரியாதை கிடைக்குமா என்பதுதான் அவருடைய கேள்வி.

இரண்டாம் வகையினரின் பயத்தை மேடையில் தீர்க்க முடியாது, திரைக்கதையில்தான் தீர்க்க வேண்டும். ராபர்ட்டோ ஆர்சியும் அலெக்ஸ் கர்ட்ஸ்மனும் எழுதிய கதையில், எதிர்காலத்திலிருந்து வரும் வில்லன் நீரோவின் கப்பல், 2233-ஆம் ஆண்டில் யுஎஸ்எஸ் கெல்வின் என்ற விண்கலத்தைத் தாக்குகிறது. அதில் இருந்த கர்க்கின் அப்பா இறக்கிறார். அந்த நொடியிலிருந்து காலம் வேறொரு கிளையில் ஓடுகிறது. பழைய தொடரில் நடந்தது எதுவும் அழியவில்லை, அது இன்னொரு கிளையில் அப்படியே இருக்கிறது. புதுக் கர்க் வேறு மாதிரி நடந்துகொண்டால், அதற்குக் காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. நடிகர் தேர்வு பற்றிய புகாரில் பாதியை எழுத்தாளர்களே முன்கூட்டி வாங்கிக்கொண்டார்கள் என்பது எங்கள் துறையில் இன்னும் போதுமான அளவு பேசப்படவில்லை. விளம்பரப் பிரிவைத் திரைக்கதை முடிந்த பிறகு கூப்பிடும் வழக்கம் இருக்கும்வரை பேசப்படப்போவதும் இல்லை.

2009 ஏப்ரல் 6 அன்று டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் ஆலமோ டிராஃப்ட்ஹவுஸ் திரையரங்கில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கான் என்ற வில்லன் வரும் 1982 ஸ்டார் ட்ரெக் படத்தைப் போடுகிறோம், கூடவே புதுப் படத்திலிருந்து பத்து நிமிடம் காட்டுகிறோம் என்று சொல்லி ரசிகர்களைக் கூட்டியிருந்தார்கள். பழைய படம் ஓட ஆரம்பித்த சில நிமிடங்களில் பிலிம் எரிந்து உருகுவதுபோல் திரையில் தெரிந்து நின்றுபோனது. மேடைக்கு வந்தவர் நிமாய். புதுப் படத்தை முழுசாகப் பார்க்கிறீர்களா என்று அவரே கேட்டார். மறுநாள்தான் சிட்னியில் அதிகாரபூர்வத் திரையிடல். அதாவது உலகத்துக்கே முன்பாக அந்தப் படத்தை முழுதாகப் பார்த்த பொதுமக்கள், பழைய படத்துக்காக வந்து உட்கார்ந்திருந்தவர்கள். சந்தேகத்தோடு இருக்கும் ஆழமான ரசிகரிடம் டிரெய்லரை நீட்டக் கூடாது, படத்தைக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் துணிச்சலான முன்மாதிரி எனக்குத் தெரியாது. படம் நன்றாக இருக்கிறது என்ற உறுதி இல்லாதவர்கள் இதைச் செய்யவே கூடாது. சுமார் 15 கோடி டாலர் செலவான படம், உலகம் முழுவதும் 38 கோடிக்கு மேல் வசூலித்தது.

இப்போது பிரிக்கும் வேலைக்கு வருவோம். "டாப் கமெண்ட்ஸ்" பட்டியலிலிருந்து மாதிரி எடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அந்த வரிசை, விருப்பக்குறியும் பதிலும் அதிகம் வாங்கியவற்றை மேலே தூக்குகிறது. பதில் அதிகம் வாங்குவது சண்டை. ஆகவே மேலே இருப்பது எப்போதும் நிஜத்தைவிடச் சூடாக இருக்கும். மொத்தத்தையும் இறக்கி, பகிர்வுகளை நீக்கி, ஒருவர் நாற்பது முறை எழுதியிருந்தாலும் ஒரே ஆளாகக் கணக்கு வைத்து, பிறகு குலுக்கல் முறையில் 400 எடுத்தால் போதும். 400 என்றால் 95 சதவீத நம்பகத்தில் கூடக்குறைய 5 சதவீதப் பிழை. ஆனால் அதற்குள் பெண்கள் மட்டும், ஒரு நாட்டினர் மட்டும் என்று பிரித்துப் பார்க்க ஆரம்பித்தால் பிழை சட்டென்று பெருகும், அப்போது அந்தப் பிரிவிலிருந்தே தனியாக 400 எடுக்க வேண்டும். இரண்டு பேர் ஒருவரையொருவர் கேட்காமல் வகை பிரிக்க வேண்டும். ஐந்தில் ஒன்றுக்கு மேல் இருவரும் முரண்பட்டால் ஆட்களிடம் குறையில்லை, வகைகளின் விளக்கத்தைத்தான் திருத்தி எழுத வேண்டும்.

வகை தெரியாமல் குழம்பும்போது பார்க்க வேண்டியது, அந்த வாக்கியம் எதைப் பற்றியது என்பதை. "இவர் முகத்தில் அந்த அமைதி வராது" என்றால் பேச்சு கதாபாத்திரத்தின் குணம் பற்றியது, டீசரில் அமைதியான ஒரு காட்சியைக் காட்டினால் தீரும். "போன படத்தில் சொதப்பியவர்" என்றால் நடிகரின் பழைய வேலை பற்றியது, காலம்தான் மருந்து. "இதையும் கெடுக்காமல் விடமாட்டார்களா" என்றால் கோபம் ஸ்டூடியோ மேல், நடிகர் வெறும் சாக்கு. நடிகரின் நிறம், உடல், பாலினம் தவிர வாக்கியத்தில் வேறு எதுவுமே இல்லை என்றால் அது நான்காம் வகை.

கேள்வி வடிவில் வருபவைதான் சிக்கல். 2015 ஃபென்டாஸ்டிக் ஃபோர் படத்தில் ஜானி ஸ்டார்மாக மைக்கேல் பி. ஜோர்டன், அக்கா சூவாகக் கேட் மாரா. கறுப்பினத் தம்பிக்கு வெள்ளையின அக்கா எப்படி என்று கேட்டார்கள். படத்தில் சூ தத்தெடுக்கப்பட்டவள். இதுபோன்ற கேள்விக்கு ஒரே ஒரு முறை நேரான பதிலைப் போட்டுவிட்டுக் கவனிக்க வேண்டும். "ஓ, அப்படியா" என்று போகிறவர் உண்மையாகவே கேட்டவர். உடனே அடுத்த கேள்விக்குத் தாவுகிறவருக்குப் பதில் தேவைப்படவில்லை. இரண்டாவது பதில் எழுதி நேரத்தை வீணாக்கக் கூடாது.

மூன்றாம் வகையைத்தான் ஸ்டூடியோக்கள் திரும்பத் திரும்பத் தவறாகப் படிக்கின்றன. கோஸ்ட் இன் தி ஷெல் நல்ல எடுத்துக்காட்டு. மசமுனே ஷிரோவின் ஜப்பானிய மாங்கா (காமிக்ஸ்), 1995-இல் மமோரு ஓஷியின் அனிமேஷன், நாயகி இயந்திர உடல் கொண்ட மொட்டோகோ குசனாகி. ஹாலிவுட் படத்துக்கு ஸ்கார்லெட் ஜொஹான்சன் என்று 2015 ஜனவரியில் செய்தி வந்தது. வேடத்தில் அவருடைய முதல் புகைப்படம் வெளிவந்தது 2016 ஏப்ரலில். பதினைந்து மாதம் வெறும் பெயர் மட்டும்! ரசிகர்களின் கற்பனைக்கு அவ்வளவு காலி இடம் விட்டால், அதில் நிரம்புவது கோபமாகத்தான் இருக்கும். வேறு நடிகையைப் போடச் சொன்ன மனுவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். முகங்களைக் கணினி மூலம் ஆசிய முகமாக மாற்றிப் பார்த்த சோதனை பற்றிய செய்தியும் அதே ஏப்ரலில் வந்தது. அது பின்னணி நடிகர் ஒருவருக்காகச் செய்து கைவிட்டது, நாயகிக்கு அல்ல என்று ஸ்டூடியோ விளக்க வேண்டியதாயிற்று. எரிகிற நேரத்தில் கொடுக்கிற விளக்கத்தை யார் கேட்பார்கள்?

ஜப்பானில் பெரிய எதிர்ப்பு இல்லையே என்பதை ஸ்டூடியோ தரப்பு கேடயமாகப் பிடித்தது. ஓஷியேகூட இந்தத் தேர்வில் தவறில்லை என்றார். ஆனால் கேள்வி ஜப்பானிலிருந்து வரவில்லை. ஜப்பானிய ரசிகருக்கு ஜப்பானிய நடிகைகள் நடிக்கும் படம் வாரந்தோறும் கிடைக்கிறது. அமெரிக்காவில் வாழும் ஆசிய வம்சாவளியினருக்குக் கிடைப்பதில்லை, கேட்டவர்கள் அவர்கள். புகார் எந்த ஊரிலிருந்து, எந்த நிலைமையிலிருந்து வருகிறது என்ற பத்தி அறிக்கையில் இல்லாவிட்டால் இப்படித்தான் ஓர் ஊரின் பதிலை இன்னோர் ஊருக்கு அனுப்புவோம். போதாக்குறைக்கு, மீரா என்ற பெயரில் வரும் நாயகியின் மூளை உண்மையில் மொட்டோகோ என்ற ஜப்பானியப் பெண்ணுடையது என்று கதை கடைசியில் அவிழ்க்கிறது. மன்னிக்கத் தயாராக இருந்தவர்களையும் அந்தத் திருப்பம் திருப்பியனுப்பியது. சுமார் 11 கோடி டாலர் செலவான படம், உலக அளவில் 17 கோடிக்கு அருகே நின்றது. நடிகர் தேர்வு பற்றிய பேச்சு விமர்சனங்களைப் பாதித்தது என்று ஸ்டூடியோ விநியோகத் தலைவரே ஒப்புக்கொண்டார்.

ஸ்டார் ட்ரெக்கிலும் இதே கேள்வி இரண்டு முறை வந்தது. முதல் முறை நன்றாகக் கையாண்டார்கள். பழைய தொடரில் ஜப்பானிய வம்சாவளி ஜார்ஜ் டகேய் நடித்த சுலு வேடத்துக்குக் கொரிய வம்சாவளி ஜான் சோ. இயக்குநர் ஜே.ஜே. ஏப்ராம்ஸ் டகேயிடமே போய்க் கேட்டார். சுலு ஆசியா முழுவதற்குமான அடையாளமாக எண்ணப்பட்ட பாத்திரம் என்று டகேய் பதில் சொன்னார். கேட்க வேண்டியவரிடம், கேட்க வேண்டிய நேரத்தில், அதாவது அறிவிப்புக்கு முன்னால் கேட்டதுதான் இதில் கற்க வேண்டியது. இரண்டாம் முறை, 2013 படத்தில், எல்லாம் தலைகீழ். வில்லன் கானின் முழுப்பெயர் கான் நூனியன் சிங்; அவர் வட இந்தியர், அநேகமாகச் சீக்கியர் என்று 1967 தொடரிலேயே வசனம் உண்டு. அப்போது நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பான். புதுப் படத்தில் பெனடிக்ட் கம்பர்பேட்ச். அவர் கான் இல்லை, ஜான் ஹாரிசன் என்று படம் வெளியாகும்வரை சாதித்தார்கள். ரசிகர்கள் மாதக்கணக்கில் முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு இந்தியப் பெயருக்கு ஏன் வெள்ளை நடிகர் என்ற கேள்வியோடு, ஏன் எங்களிடம் பொய் சொன்னீர்கள் என்ற இரண்டாவது கேள்வியும் சேர்ந்தது. முதல் கேள்வி ரசிகர்களில் ஒரு பகுதியினருடையது. இரண்டாவது, எல்லோருடையதும். முன்பே சொல்லியிருக்கலாம் என்று ஏப்ராம்ஸ் பிறகு வருந்தினார். கானின் முகம் ஏன் மாறியது என்பதற்குப் படம் வந்தபின் காமிக்ஸில்தான் காரணம் எழுதினார்கள். திரையில் சொல்லாததைக் காமிக்ஸில் சொன்னால் அது படம் பார்த்தவருக்குப் போய்ச் சேராது.

நான்காம் வகையின் முழு வீச்சு 2016 கோஸ்ட்பஸ்டர்ஸில் தெரிந்தது. பேய் பிடிக்கும் நால்வரின் கதை அது. பழைய படத்தில் நால்வரும் ஆண்கள், இதில் நான்கு முதன்மை வேடங்களிலும் பெண்கள். மார்ச் 3 அன்று வந்த முதல் டிரெய்லர், யூடியூபில் மிக அதிக டிஸ்லைக் வாங்கிய பட டிரெய்லராக ஆனது. அதில் திரட்டப்பட்ட வெறுப்பு நிறைய இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் டிரெய்லரின் தொடக்க வரிகளையும் பார்க்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் நான்கு விஞ்ஞானிகள் நியூயார்க்கைக் காப்பாற்றினார்கள் என்று போட்டார்கள். படமோ பழைய கதையின் தொடர்ச்சி இல்லை, முதலிலிருந்து தொடங்கும் ரீபூட். பழைய நால்வரில் வின்ஸ்டன் விஞ்ஞானியும் இல்லை. பழைய படத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர் முதல் பத்து நொடியில் "இவர்களுக்கு எங்கள் படமே தெரியவில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுவார். மூன்று வெள்ளையினப் பெண்கள் விஞ்ஞானிகள், கறுப்பினத்தவரான லெஸ்லி ஜோன்ஸ் மட்டும் சுரங்க ரயில் ஊழியரா என்று கறுப்பினப் பார்வையாளர்கள் கேட்டது வேறு. இந்த நியாயமான இரண்டும் டிஸ்லைக் எண்ணிக்கைக்குள் கலந்து, பிரிக்க முடியாமல் போயின.

படம் வெளியான வாரத்தில் ஜோன்ஸ் மேல் ட்விட்டரில் நடந்த இனவெறித் தாக்குதலால் அவர் சில நாள் அங்கிருந்தே விலகினார். இந்த வேலையில் இருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. அவருக்கு வந்தவற்றில் பல, எழுத்து அல்ல, புகைப்படங்கள். வசைச் சொற்களைத் தேடித் தடுக்கும் சொல் வடிகட்டி புகைப்படத்தைப் பிடிக்காது. எழுத்தை மாற்றிப் போட்டாலும், நடுவே புள்ளி வைத்தாலும், ஒரு மொழியை இன்னொரு மொழியின் எழுத்தில் அடித்தாலும் பிடிக்காது. ஆகவே பெயர் அறிவிப்பதற்கு முன்பே நடிகரின் கணக்குகளில் தெரியாதவர்களின் குறிப்பையும் படங்களையும் தடுக்கும் அமைப்புகளைப் போட வேண்டும். முதல் ஒரு வாரம் கணக்கைப் பார்க்க வேறு ஆளை உட்காரவைக்க வேண்டும். அந்த ஆளையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஏனென்றால் படிப்பவரும் மனிதர்தான். மிரட்டல்களை அழிக்காமல், இணைப்பும் நேரமும் சேர்த்துச் சேமிக்க வேண்டும். அழித்துவிட்டால் பிறகு புகார் கொடுக்க எதுவும் மிஞ்சாது.

இப்போது வெளி எண்கள் பலவும் மறைந்துவிட்டன. பட விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளம் 2019 பிப்ரவரியில், வெளியீட்டுக்கு முன்பான கமெண்ட்டுகளையும் "பார்க்க விருப்பம்" சதவீதத்தையும் நீக்கியது. யூடியூப் 2021 நவம்பரில் டிஸ்லைக் எண்ணிக்கையைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்தது. நல்லதுதான். வாசித்துப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை வந்திருக்கிறது. அறிக்கையின் முதல் பக்கத்தில் சதவீத வட்டத்தை வைக்காமல், முதல் மூன்று வகையிலிருந்தும் தலா மூன்று கமெண்ட்டுகளை வெட்டாமல் முழுதாக வைத்துக் கொடுங்கள். நான்காம் வகையை எண்ணிக்கையாக மட்டும் கடைசிப் பக்கத்தில் போடுங்கள். எழுத்தாளர் குழுவுக்கும் ஒரு பிரதி போக வேண்டும், படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்பே.