காசிமேட்டில் சுருங்கிய நீலம்

கிண்டியில் ஏறிப் புதுவண்ணாரப்பேட்டையில் இறங்கும் வரை மெட்ரோ பயணத்தில் எழுதுவதற்கு எதுவும் இல்லை. நிலைய வாசலில்தான் வினை தொடங்கியது. ஓர் ஓவியரைத் தேடி, அங்கிருந்து வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகவேண்டும். இரண்டு கிலோமீட்டர் அளவிலான அந்தத் தூரத்துக்கு ஆட்டோக்காரர் 250 ரூபாய் கேட்டார். "உள்ள போனா ரிட்டன் சவாரி கெடைக்காது சார்" என்று அவர் நியாயம் சொல்லிக்கொண்டிருந்தபோதே, அவருடைய முதுகுக்குப் பின்னால் ஷேர் ஆட்டோக்கள் ஆள் நிரம்பிப் போய்க்கொண்டிருந்தன. பிற்பகல் வெயிலுக்குப் பயந்து 180 ரூபாய்க்குப் பணிந்தேன். நாள் முழுவதற்கும் நான் ஒதுக்கியிருந்ததே 500 ரூபாய் என்பதால் அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

நான் தேடிப்போன ஓவியருடைய பட்டறை, படகு பழுதுபார்க்கும் இடத்தை ஒட்டிய தகரக் கொட்டகை. "பேரெல்லாம் போடாத தம்பி" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நாற்பது ஆண்டுகள் விசைப்படகுகளில் பெயரும் எண்ணும் எழுதியவர். இப்போது உருவமே இல்லாத ஓவியங்களை வரைகிறார். வரைகிறார் என்பதைவிட ஊற்றுகிறார், இழுக்கிறார், சுரண்டுகிறார் என்பதே சரி. சுவரோரம் பட்டித் தகடு, கொத்தனார் கரண்டி, கிழிந்த நைலான் வலை, வீட்டுத் தரையில் தண்ணீர் தள்ளும் ரப்பர் வைப்பர் ஆகியவை இருந்தன. ஓவியத் தூரிகை ஒன்றுகூட இல்லை.

தரையில் கிடத்திய நான்கடி பிளைவுட்டின் மேல், படகுக்கு அடித்து மீந்த நீல எனாமலைத் தடிமனாக ஊற்றினார். அதன்மேல் வலையை விரித்து, காலால் மிதித்து, ஒரு மூலையைப் பிடித்து மெல்ல உரித்தெடுத்தார். கண்ணி கண்ணியாகப் பதிந்த அந்த அச்சு அழகாகத்தான் இருந்தது. அவரோ ஒரு நொடிகூட யோசிக்காமல் வைப்பரை வைத்து முக்கால் பாகத்தை ஒரே இழுப்பில் அழித்துவிட்டார். எனக்குப் பகீரென்றது. "பிரஷ் எடுத்தா என் கை தெரியுது தம்பி. போட்ல பேர் எழுதுன கை, கோடு நேராதான் வரும்" என்றார். வேடிக்கை காட்டுவதற்காக அல்ல, பழகிய கையிடமிருந்து தப்பிப்பதற்காகவே அவர் வைப்பரை எடுத்திருக்கிறார்! போன மாதம் தென்சென்னைக் கூடம் ஒன்றில், படத்தைவிட நீளமாக விளக்கம் எழுதி மாட்டியிருந்த கண்காட்சியில் எனக்கு இவ்வளவு புரியவில்லை.

இந்த வழி அவர் ஒருவருடையது மட்டுமல்ல. நாக்பூரில் 1924இல் பிறந்த ஓவியர் வி.எஸ். கைதொண்டே உருளையாலும் தட்டைக் கத்தியாலும் வண்ணத்தை ஏற்றியும் வழித்தும் வேலை செய்தார். அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் 1947 முதல் துணியைத் தரையில் விரித்து, குச்சியாலும் காய்ந்து விறைத்த தூரிகையாலும் எனாமலைச் சொட்டவிட்டார். இவ்விருவரைப் பற்றியும் நான் ஆர்வமாகச் சொன்னபோது அவர் தலையாட்டிவிட்டு, பலகையை வெயிலுக்கு நகர்த்தப் பிடிக்கச் சொன்னார்.

அந்த வெயிலில்தான் விஷயம் இருக்கிறது. தடிமனான எனாமலின் மேற்பரப்பு காற்று பட்டு முதலில் பாலாடைபோல ஆடை கட்டிவிடும். அடியில் உள்ளது ஈரமாகவே இருப்பதால், மேலே கட்டிய அந்த ஆடை உப்பி, இடம் போதாமல் மடிந்து சுருங்கும். படகுக்கு வண்ணம் அடிக்கும்போது இது நேர்ந்தால் முதலாளி கூலியைப் பிடிப்பார் என்று சிரித்தார். மாலைக்குள் அந்த நீலம் யானைத் தோல்போலச் சுருங்கியிருந்தது. வைப்பர் இழுத்த இடம் மட்டும் மெலிதாக, மரத்தின் ரேகை தெரியக் காய்ந்திருந்தது. சின்னப் படம் ஒன்றின் விலை 6,000 ரூபாய் என்றார். நியாயமான விலைதான், என் பையில்தான் 320 ரூபாய் இருந்தது.

என் முகத்தைப் பார்த்து, உரித்த வலையில் ஒரு முழம் வெட்டிக் கொடுத்தார். ராயபுரம் பக்கம் தள்ளுவண்டியில் அத்தோ சாப்பிட்டேன்: கையாலேயே பிசைந்த நூடுல்ஸ், புளித்தண்ணீர், பொரித்த பூண்டு, கூடவே வாழைத்தண்டு சூப், செலவழித்ததில் உறுத்தாத பணம் அது ஒன்றுதான். வீடு வந்து பார்த்தால் பையின் உட்புறம் முழுக்க நீலம். இன்றோடு மூன்று நாளாகிறது. வலையின் முடிச்சை நகத்தால் அழுத்தினால் இன்னமும் ஈரம் கசிகிறது.